ஹில்ஸ்பரோ கரையில் பூஜ்ஜியம்

"மூணு மாசமா பூஜ்ஜியம், பூஜ்ஜியம்னே எழுதியிருக்கீங்க. தூண்டிலை நிஜமாவே போட்டீங்களா?"

"சத்தியமாப் போட்டேன் கோமதி. வாராவாரம் ரெண்டு மணி நேரம் குளிர்ல நின்னேன்."

ஆக்லாந்துக் கரையோரம் புதிதாக வந்து சேர்ந்த விஷப் பேத்தை மீன் எவ்வளவு பெருகியிருக்கிறது என்று கணக்கெடுப்பது கோமதியின் வேலை. ஹில்ஸ்பரோ கரைக்கு ஆள் கிடைக்காததால் கணவர் சங்கரலிங்கத்தை அனுப்பினாள். அவர் கணக்கை நம்பி, 'இங்கே பேத்தையே இல்லை, மீனவர்கள் பயப்பட வேண்டாம்' என்று அறிக்கையும் அனுப்பிவிட்டாள். நாளைக் காலை அதைப் பற்றித்தான் மீட்டிங்.

"சரி, பேத்தையை விடுங்க. ஒரு சாதா மீன் கூடவா கடிக்கலை?"

"இல்லையே!"

"நான் குடுத்த கணவாய் மீன் துண்டைத்தானே கொக்கியில மாட்டினீங்க?"

சங்கரலிங்கம் தலையைச் சொறிந்தார்.

"நாம சைவம்டி. அதை நான் கையால தொடுவேனா? உளுந்த வடைதான் மாட்டினேன். நடுவுல ஓட்டை இருக்கே, ரொம்ப வசதியா இருந்துச்சு."

கோமதி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

நாளைக்கு மீட்டிங்கில் அவள் என்ன சொல்லிச் சமாளிக்கலாம்? உங்களுக்கு ஏதாவது தோன்றினால் தயவுசெய்து உடனே பதில் எழுதுங்கள்.