இமைக்காத முகம்

பழைய ஜப்பானின் எடோ நகர நாடகக் கொட்டகையில் மதிய வெயில் மேல்சன்னல்களில் ஒட்டிய காகிதத்தின் வழியே வடிந்து இறங்குகிறது. பார்வையாளர் நடுவே நீளும் மேடைப்பாதையில், கொலைகார சாமுராய் வேஷத்தில் இவாத்தாரோ காலை ஓங்கி ஊன்றி, கழுத்தைச் சுழற்றி, மாறுகண்ணாக விழித்தபடி உறைந்து நிற்கிறான். ஓரத்தில் ஒருவர் தட்டும் கட்டைகளின் ஓசை ஓயும்வரை இமைக்கக் கூடாது. இந்த முழியைத்தான் ஓர் ஓவியர் வரைய, மரத்தில் செதுக்கி அச்சிட்டுக் கடைக்குக் கடை தொங்கவிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து அவனுடைய நான்கு வயது மகள் ஒச்சியோ அவன் மடிக்கு வருவதில்லை. வேறு வேஷம் கேட்டுப் பார்த்தான். "ஜனங்க படத்தக் கையில வச்சிக்கிட்டு வர்றாங்கய்யா. வேற மூஞ்சியக் காட்டினா விடுவாங்களா?" என்று சிரித்தார் கொட்டகை முதலாளி. எல்லாம் வெறும் சாயம்தான் என்று குழந்தை தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இன்று அவளை வரச்சொல்லியிருந்தான். "படத்துல இருக்கற அதே முழிடா" என்று எவனோ கத்துகிறான். பாதையை ஒட்டி உட்கார்ந்திருக்கும் மனைவி ஓரின், "அப்பாதான்டி கண்ணு, நல்லாப் பாரு" என்று குழந்தையின் முகத்தைத் திருப்புகிறாள். "அப்பா இல்ல, படத்துல இருக்கறவன்" என்று ஒச்சியோ வீறிட்டு அழுகிறாள். ஓரடி எடுத்து வைத்தால் அவளைத் தொட்டுவிடலாம். கட்டைகள் இன்னும் தட்டிக்கொண்டே இருக்கின்றன. இமைக்காத கண்ணிலிருந்து நீர் இறங்கி வெள்ளைப் பூச்சில் கோடு போடுகிறது. கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. முன்வரிசையில் அந்த ஓவியர் புதிய தாளை எடுத்து, கண்ணீர்க் கோட்டை நிதானமாக வரைந்துகொள்கிறார்.