தாளின் முதுகில்

எட்டாவது தாளைப் புரட்டிய மிஷின்காரர் அப்படியே நின்றார். வெள்ளையாக இருக்க வேண்டிய முதுகில் கறுப்பாக ஓர் உருவம்.

"விஞ்ஞானி, இங்க வா. யாரை இதுல கூடச் சேர்த்து அனுப்பினே?"

பிசிக்ஸ் படித்துவிட்டு அச்சகக் கணினி முன் வந்து உட்கார்ந்தவளுக்கு அவர் வைத்த பெயர்.

அது 'காணவில்லை' சுவரொட்டி. இருட்டான பின்னணியில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி சிரிக்கிறாள். வேறு யாரும் இல்லை. காலையில் படத்தைக் கொண்டுவந்த அம்மாள் நாற்காலியில்கூட உட்காராமல் சொன்னார்: "பக்கத்து வீட்டுப் பொண்ணு. அவங்க அம்மாவால வர முடியல. இன்னைக்கே ஒட்டணும்."

மை காயாத தாளின் மேல் அடுத்த தாள் விழுந்தால் முதுகில் ஒட்டும். அது புதிதில்லை. ஆனால் கறுப்பு முழுக்க அல்லவா ஒட்ட வேண்டும்? ஓர் ஆள் அளவுக்கு மட்டும் ஏன்?

விஞ்ஞானி திரையில் படத்தைத் திறந்து, சுட்டியைக் கறுப்பின் மேல் நகர்த்தினாள். நான்கு மைகளும் சேர்ந்து அந்த இடத்தில் எத்தனை சதவீதம் என்று ஓரத்தில் எண் ஓடும். இந்த மலிவுத் தாள் இருநூற்று அறுபதுக்கு மேல் குடிக்காது.

238. 246. 241. 249.

கேமரா பிடித்த இருட்டு இப்படித்தான். கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும்.

பெண்ணின் தோளுக்குப் பக்கத்தில் 400. நான்கு மையும் நூறு நூறு.

இன்னும் தள்ளி 400. அதற்கும் கீழே 400.

இருட்டுக்கு இத்தனை ஒழுக்கம் கிடையாது. யாரோ பூசியிருக்கிறார்கள். காலை அவசரத்தில் அவள் அளந்து பார்க்காமல் விட்ட இடம்.

எண் மாறும் விளிம்பைப் பிடித்துக்கொண்டே போனாள். தலை வந்தது. பின்னால் சின்னக் கொண்டை. கழுத்து. ஒரு தோள் மட்டும் காதைத் தொடுவதுபோல் தூக்கியிருந்தது.

நிமிர்ந்தாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பையை அணைத்தபடி நின்ற அம்மாளின் ஒரு தோள், மற்றதைவிட மேலே இருந்தது.

மிஷின்காரர் கையிலிருந்த தாளை அம்மாளும் பார்த்துவிட்டார். உள்ளே வந்து அதை வாங்கி, தன் உருவத்தின் மேல் விரலை வைத்தார். விரல் கறுத்தது.

"இது சுவத்துல தெரியுமா?"

"முன்பக்கம் அந்த இடம் மட்டும் பளபளக்கும்மா," என்றார் மிஷின்காரர். "உத்துப் பார்த்தா ஆள் தெரியும்."

விஞ்ஞானி திரைக்குத் திரும்பினாள். நானூறை எல்லாம் இருநூற்று நாற்பதுகளுக்கு இறக்கினாள். ஒரே எண்ணாக விடவில்லை. பக்கத்து இருட்டைப்போலவே கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி.

புது பிளேட் ஏறி, தாள்கள் விழுந்தன. முதுகு சுத்தமாக இருந்தது.

அம்மாள் ஒரு தாளை விளக்கடியில் இப்படியும் அப்படியும் சாய்த்தார். சிரிக்கும் முகத்தை அல்ல, அதற்குப் பக்கத்து இருட்டையே வெகுநேரம் பார்த்தார்.

"போதும் கண்ணு," என்றார். "நான் இதுல இல்லேன்னாதான் எம் பொண்ணு நின்னு படிப்பா."