அழும் முகம்

"அழுவுங்கம்மா. ஆனா சத்தம் வரக் கூடாது. கண்ணீர் மட்டும் வந்தா போதும்" என்றான் அன்பழகன்.

முன்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். மேடை காலியாக இருந்தது. ஆட வேண்டிய நடிகை சுடர்விழி இன்னும் மேக்கப் அறையை விட்டே வரவில்லை. யாரைப் பார்த்து அழுவது என்று அவர்களில் ஒருத்தியான ராஜாம்பாள் கேட்டாள்.

"அந்த ரிப்பனப் பாருங்க" என்று கேமராவுக்குப் பக்கத்தில் குச்சியில் கட்டியிருந்த சிவப்புத் துணியைக் காட்டினான். ஆட்டம் அப்புறம்தான். அழுகையை முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

பிரபலங்கள் ஜோடியாகக் கைகோத்துச் சுழன்று ஆடும் டிவி போட்டி அது. வெள்ளைக்காரர் ஆட்டம் என்பதால் இறுதிச் சுற்றைப் புதுச்சேரியில் ஒரு பழைய பிரெஞ்சு மண்டபத்தில் எடுத்தார்கள். வேனில் ஆள் கூட்டி வருவது அன்பழகன் வேலை. மதியத்துக்குள் அழுகிற முகம் ஒன்று கிடைக்காவிட்டால், நாளைக்கு ஆள் கூட்டி வர வேறு ஒரு கடலூர்க்காரனைக் கூப்பிட்டுக்கொள்வதாக டைரக்டர் சொல்லிவிட்டார்.

ராஜாம்பாள் அழுது காட்டினாள். எழவு வீடு மாதிரி இருக்கிறது என்றார் டைரக்டர். பக்கத்திலிருந்தவளுக்குச் சிரிப்பே அடங்கவில்லை.

மிச்சம் இருந்தவள் தையல்நாயகி. மற்ற பெண்களெல்லாம் முதலியார்பேட்டை. இவள் மட்டும் தேங்காய்த்திட்டு ரோட்டில் வேனை மறித்து ஏறியவள். சுடர்விழி நடந்து வரும் படிக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன் என்று காலையிலிருந்து ஒரே பிடிவாதம். ரசிகர் மன்றத் தலைவி என்று மற்றவர்கள் கிண்டல் செய்தபோதும் இடத்தை விட்டு நகரவில்லை.

"உங்க சுடர்விழிக்காக நீங்களாவது அழுவக் கூடாதா?" என்றான் அன்பழகன்.

"எதுக்கு அழுவணும்?"

சொன்னான். சுடர்விழி இன்றைக்கு ஆடப்போவது செத்துப்போன அம்மாவுக்காக. பட்டினி கிடந்து வளர்த்த அம்மா, மகள் முகம் டிவியில் வரும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாளாம்.

"யாரு சொன்னா?"

"அந்தப் பொண்ணேதான். போட்டோகூடக் குடுத்திருக்கு. ஆட்டம் முடியறப்ப பெரிய ஸ்கிரீன்ல மாலையோட வரும்."

தையல்நாயகி சிவப்புத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் பொட்டு ஈரமில்லை. போன வாரம் ஒரு நடிகர் தன் அப்பாவுக்குக் கால் போன கதையைச் சொன்னதும் ஓட்டு குவிந்ததை அன்பழகன் எடுத்துச் சொன்னான்.

"அம்மா செத்துட்டாங்கன்னா ஓட்டு விழுமா தம்பி?"

"கொட்டும்."

"ஜெயிச்சுடுமா?"

"பாக்குறவங்கள அழ வெச்சுட்டா ஜெயிச்ச மாதிரிதான். அது இப்ப உங்க கையில இருக்கு."

அவள் முந்தானையைத் தலையில் போட்டு நெற்றி மறைய இழுத்துவிட்டாள். முகம் தெரிய வேண்டும் என்று அவன் கொஞ்சம் விலக்கச் சொன்னான். விலக்கினாள். இடது புருவத்துக்கு மேல் குறுக்காக ஒரு தழும்பு இருந்தது. மில்லில் வேலை செய்தபோது பட்ட அடியாம்.

"இது டிவியில தெரிய வேணாம் தம்பி. முக்காடு இருக்கட்டும்."

"இந்த வயசுல அழகு பாக்குறீங்க" என்று சிரித்தான். ஆனால் விட்டுவிட்டான்.

கேமரா ஓடியது. அவள் உதடுகூட அசையவில்லை. கண்ணீர் மட்டும் இறங்கி இறங்கிக் கழுத்து வரை நனைத்தது. கட் சொல்லவே டைரக்டருக்குத் தோன்றவில்லை. முடிந்ததும் அன்பழகனைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். நாளைக்கும் நீயே வா என்றார்.

அவன் திரும்பி வந்தபோது தையல்நாயகி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் கெளம்பறேன் தம்பி. அந்தப் பொண்ணு என்னப் பாக்க வேணாம்."

"பக்கத்துல பாக்கணும்னு அவ்ளோ சண்ட போட்டீங்க?"

"பாத்துச்சுன்னா ஆட்டம் தப்பிடும்."

அவள் பின்வாசலைத் தாண்டிப் போன பிறகு, மேடையில் சரிபார்ப்பதற்காகப் பெரிய ஸ்கிரீனைப் போட்டார்கள். அன்பழகன் நிமிர்ந்து பார்த்தான். ரோஜா மாலைக்குள், மில் வாசலில் நின்றபடி ஓர் இளம்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இடது புருவத்துக்கு மேல், குறுக்காக, அதே தழும்பு.