முந்நூற்றெட்டா, ஆறரையா?

அமெரிக்காவில், எங்கள் மொன்டானாவில், ஒரு குடும்பம் உடைவதற்குச் சொத்துத் தகராறெல்லாம் வேண்டாம், துப்பாக்கித் தோட்டா போதும்.

என் புருஷன் ஆர்லோ முந்நூற்றெட்டு என்கிற பழைய ரகத் தோட்டாவின் கட்சி. என் தம்பி நெல்ஸ் புதிதாக வந்த ஆறரை கிரீட்மோர் தோட்டாவின் கட்சி. ரைஃபிள் வாங்கினால் எந்தத் தோட்டாவுக்கு வாங்குவது என்று தாங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்தில் மோதிக்கொண்டவர்கள் இரண்டு வருஷமாகப் பேசுவதில்லை.

போன வாரம் ஆர்லோவிடம் சொன்னேன். “ஒரு ஆறரை ரைஃபிள் வாங்கிட்டுப் போய் அவன் முன்னாடி நில்லுங்க. கரைஞ்சுடுவான்.”

“அதுவா? சுட்டா தோளை உதைக்கவே உதைக்காது. தொட்டில் குழந்தைக்கு வாங்கற சாமான்.”

“உங்களுக்கு மச்சான் வேணுமா, உதை வேணுமா?”

இரண்டு நாள் முனகிவிட்டு வாங்கினார்.

சனிக்கிழமை சுடுதளத்தில் நெல்ஸ் எங்களுக்கு முன்பே வந்திருந்தான். ஆர்லோ பெட்டியைத் திறந்து புது ரைஃபிளைக் காட்டினார். நெல்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனும் தன் பெட்டியைத் திறந்தான். உள்ளே புத்தம் புது முந்நூற்றெட்டு.

அவனுக்கும் அதே யோசனையைச் சொன்னது நான்தான்.

“மச்சான், எனக்காகவா?” என்று கட்டிக்கொண்டான். நானும் அழுதேன்.

அதோடு வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். அவரவர் புது ரைஃபிளில் ஆளுக்கு இருபது தோட்டா சுட்டுப் பார்த்தார்கள். இருவருமே வாழ்நாளில் அவ்வளவு நன்றாகச் சுட்டதில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

திரும்பும் வழியெல்லாம் ஆர்லோ முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். வீடு நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

“உன் தம்பியோட இனி எனக்குப் பேச்சே இல்ல. இந்தக் காலத்துல எவனாவது முந்நூத்தெட்டு வாங்குவானா?”