கைப்பம்பு

திருவிடந்தைக் கடற்கரைக்கு மேல் எங்கள் சிறிய விமானம் மூன்றாவது முறையாக வட்டமடிக்கிறது. இறங்கும் நேரத்தில், சக்கரங்களை இறக்கும் ஹைட்ராலிக் மோட்டார் நின்றுவிட்டதால் அவை விமானத்தின் வயிற்றுக்குள்ளேயே சிக்கியிருக்கின்றன. இன்னும் இருபது நிமிடத்துக்குத்தான் எரிபொருள். அதற்குள் அவை வராவிட்டால் வயிற்றாலேயே தரையில் மோத வேண்டும். கடற்கரையைப் படம்பிடிக்க வந்த நான், மோட்டாருக்குப் பதிலாகச் சக்கரங்களை இறக்க இருக்கைகளுக்கு நடுவிலுள்ள கைப்பம்பை அடிக்கிறேன். உள்ளங்கை கிழிந்து பிடி ரத்தத்தில் வழுக்குகிறது. "இன்னாய்யா பெஞ்சமின், சைக்கிளுக்கா காத்தடிக்கிற? வலிச்சு அடிய்யா!" என்று விமானி ஜாக்குலின் கத்துகிறார். "அடிச்சுகினுதான் கீறேன் மேடம், ரொம்ப லேசா கீது!" விமானம் ஓட்டக் கற்கும் மாலை வகுப்பில் இதற்காக எழுதிக்கொண்ட வரிசையை முதலிலிருந்து நினைத்துப் பார்க்கிறேன். முதலில் சக்கர லீவர் கீழே, பிறகுதான் பம்பு. மோட்டார் நின்றதும் லீவரை மேலும் கீழும் இழுத்துப் பார்த்த ஜாக்குலின் மேலேயே விட்டிருக்கிறார். நான் தப்பாக எழுதியிருந்தால்? "மேடம்... லீவரு மேல கீது." ஒரு கெட்ட வார்த்தையோடு அதைக் கீழே அறைகிறார். அடுத்த அடியில் பம்பு கல்லாக இறுகித் தோளை உலுக்குகிறது. காலுக்கடியில் இரும்பு இரும்பில் மோதுகிறது. சக்கரங்கள் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் மூன்று பச்சை விளக்குகளும் எரிகின்றன. "போதும்யா, வுட்டுடு," என்கிறார். என் கைகள் இன்னும் அடித்துக்கொண்டிருக்கின்றன.