பதினாறு பேர் பார்த்த படம்

“பதினாறு பேர்தான் வந்தாங்கன்னு வருத்தமா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“போன ஊர்ல ஒன்பது பேர். அதுலயும் ரெண்டு பேர் மழைக்கு ஒதுங்கினவங்க,” என்றார் ஷெட்லி.

அவள் சிரித்துவிட்டாள். கெஃப் நகரத் திரைப்படச் சங்கத்தின் செயலாளர் அவள்தான். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். ‘உங்கள் படத்தை இங்கே காட்ட வேண்டும்’ என்று ஆறு மாதமாகக் கடிதம் எழுதி அவரை வரவழைத்தவள், இப்போது வண்டி ஏற்றிவிடவும் கூடவே வந்திருந்தாள்.

தலைநகர் துனிஸுக்குப் போகும் ஷேர் டாக்சி எட்டுப் பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். ஐந்து பேர் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநர் கதவில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஷெட்லி நிழலில் உட்கார்ந்தார். அவள் வாங்கி வந்த ரொட்டியில் ஹரீஸா மிளகாய் விழுது தாராளமாகவே இருந்தது.

“உங்க ஊர்க்காரங்க நல்லாத்தான் கேள்வி கேட்டாங்க.”

“எங்க ஊர் இல்ல. இங்க வந்து மூணு வருஷம்தான் ஆச்சு.” அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள். “இருபது வருஷத்துல மூணு படம். தயாரிப்பாளர்னு யாருமே இல்லாம எப்படிச் சமாளிச்சீங்க?”

“கல்யாண வீடியோ எடுப்பேன். சனிக்கிழமை பொண்ணோட சித்தி ஆடறதை எடுத்தா, திங்கள்கிழமை என் படத்தை எடுக்கலாம். எல்லா ஊர்லயும் சித்திங்க ஆடறாங்க. அதனால பொழைச்சேன்.”

“நானும் படம் எடுக்கணும்னு இருக்கேன். அம்மாதான் விட மாட்டேங்கறாங்க.”

“என்ன சொல்றாங்க?”

“படம் எடுக்கறவனுக்கு வீட்டு ஞாபகமே இருக்காதாம்.”

ஷெட்லி மீதி ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்தார். “தெரிஞ்சுதான் பேசறாங்க உங்கம்மா.”

“உங்களுக்கும் அப்படித்தானா?”

எத்தனையோ ஊர்களில் எதையெதையோ கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை.

“முதல் படத்துக்காகத் தெற்கே பாலைவனத்துக்குப் போனேன். ஒரு மாசம்னு சொல்லிட்டுப் போனது ஏழு மாசம் ஆயிடுச்சு. திரும்பி வந்தா வீடு பூட்டிக் கிடக்கு. மாமனார் வீட்டுக்கு ஓடினேன். எங்க பொண்ணு கடல் தாண்டிப் போயாச்சு, எங்கேன்னு சொல்ல முடியாதுன்னு கதவைச் சாத்திட்டாங்க.”

பாதியைத்தான் சொன்னார். மீதிப் பாதியை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

“நீங்க தேடலையா?”

“அக்கரையில, மார்செய்ல ஒரு ஹோட்டல்ல ரெண்டு வருஷம் பாத்திரம் கழுவினேன். லீவு நாள்ல தெருத்தெருவா நடப்பேன். லியோன்ல பார்த்ததா யாரோ சொன்னாங்க. அங்கயும் போனேன்.” ஷெட்லி கையைத் துடைத்துக்கொண்டார். “ஞாபகம் இல்லாம இல்லம்மா. ஞாபகம் வந்து திரும்பினப்போ வீடுதான் இல்ல.”

அவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் படம் நல்லா வந்துச்சா?”

“வந்துச்சு. அதான் கொடுமை.”

“துனிஸ்! ஆள் சேர்ந்தாச்சு, ஏறுங்க,” என்று ஓட்டுநர் குரல் கொடுத்தார்.

ஷெட்லி எழுந்தார். அவர் பையை அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் வண்டியில் வைக்காமல் தோளிலேயே மாட்டிக்கொண்டு நின்றாள். இந்தப் பெண்ணை இப்படியே விட்டுவிட்டுப் போக அவருக்கும் மனம் வரவில்லை. சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார்.

“அக்டோபர்ல அடுத்த படம் ஆரம்பிக்கறேன். உதவிக்கு வர்றியா? ஆனா உங்கம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் வரணும்.”

“இன்னிக்கு உங்களைப் பார்க்கப் போறேன்னு சொன்னேன். முதல் தடவையா வேண்டாம்னு சொல்லல.”

“அப்புறம் என்ன? கடிதத்துல எல்லாம் வெறும் செயலாளர்னுதான் கையெழுத்துப் போட்டிருந்தே. பேரைச் சொல்லு, எழுதிக்கறேன்.”

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“நீங்க வெச்ச பேருதான்,” என்றாள் அவள். “அம்மா மாத்தல.”