கன்னத்தில் ஒன்று

"ஓங்கி விடுங்க ஐயா! கன்னத்துல ஈ ஓட்டுறீங்களா?"

கல்வுஸ் அதட்டியதும் மன்றத்தில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ரோமில் இருபது வருடமாக நீதிபதிக்குக் கோல் பிடிக்கும் சேவகன் அவன். அடிமைகளை விடுவிக்கும் சடங்கு அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். கோலால் தொட்டாகிவிட்டது. எஜமான் ஓர் அறை விட்டு, அடிமையை ஒரு சுற்றுச் சுற்றிவிட வேண்டும். அவ்வளவுதான், கிழவன் டியோன் சுதந்திர மனிதன்.

எஜமான் வல்கியுஸ் இளைஞன், ரொட்டி சுடுகிறவன். மூன்று வருடத்துக்கு முன் இதே இடத்தில் அறை வாங்கி விடுதலையானவன். டியோனைப் போன மாதம்தான் விலைக்கு வாங்கியிருந்தான். மாவு பிசைந்து உரமேறிய அவன் கை, தூக்கிய இடத்திலேயே நின்றது.

"வாங்கத் தெரிஞ்சுது, கொடுக்கத் தெரியலையா?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"அடிப்பா," என்றான் டியோன். "எவ்வளவோ வாங்கியாச்சு. இது எனக்குப் பூ."

"எஜமான்கிட்ட எப்படிப் பேசுறான் பாரு! செல்லம் கொடுத்துக் கெடுத்து வெச்சிருக்கார்," என்றான் கூட்டத்தில் இன்னொருவன்.

வல்கியுஸ் கல்வுஸ் பக்கம் திரும்பினான். "எனக்குப் பதிலா வேற யாராவது அடிக்கக் கூடாதா?"

"உங்க கைதான் சட்டம்," என்றான் கல்வுஸ். "நாளையிலேர்ந்து ஒன்பது நாள் திருவிழா, மன்றம் கிடையாது. கிழவன் இருமுற இருமலுக்கு அதுவரைக்கும் தாங்குமா? அடிமையாவே சாகட்டுமா?"

"விட மனசில்லைய்யா! அடிமையை விட முடியாதவன் அடிமைக்கு அடிமை!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

நீதிபதி இருக்கையிலிருந்து எழப்போனார்.

டியோன் வல்கியுஸின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் கன்னத்தருகே கொண்டுவந்தான். "இதுக்கப்புறம் எவனும் என்மேல கை வைக்க முடியாது. கொடு."

பளாரென்று விழுந்தது.

கிழவனைச் சுற்றிவிட்டதும், அடித்த கையை வல்கியுஸ் மேலாடைக்குள் ஒளித்துக்கொண்டான்.

எழுத்தர் ஏட்டை விரித்தார். "விடுவிச்சவரோட குடும்பப் பேரைத்தான் இனி நீ வெச்சுக்கணும். சம்மதமா?"

கன்னம் சிவந்திருக்க, டியோன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"ஊர்ல பிள்ளைங்கதான் அப்பன் பேரை வெச்சுக்கும். கொட்டை எழுத்துல எழுதுங்க ஐயா, நான் என் பிள்ளை பேரை வெச்சுக்கறேன்."